பிரசவ அறையில் சிஸ்டர் என்ன செய்துகொண்டிருக்கிறார்?

லேபர் வார்டு வாசலில் காத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டாக்டர் வந்துட்டாங்களா?" என் தங்கையின் முதல் பிரசவத்தில் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சேர்த்தோம், மறுநாள் காலையில் குழந்தை பிறந்தது. இடையில் டாக்டர் உள்ளே இருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. மீதி நேரம் முழுக்க அவளோடு இருந்தவர்கள் இரண்டு நர்ஸ்கள்: இரவு ஷிஃப்டில் ஒருவர், காலையில் மாற்றிக்கொள்ள வந்த இன்னொருவர். கதவு திறக்கும்போதெல்லாம் நான் எழுந்து நிற்பேன். "இன்னும் டைம் இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விடுவார். எனக்கு அது அலட்சியமாகப் பட்டது. அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் என்னென்ன கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று தங்கை பிற்பாடு சொல்லித்தான் தெரிந்தது. அதன் பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். முதல் பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பயன்படட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இவர்கள் யார்? நம் ஊரில் 'நர்ஸ்' என்றால் ஊசி போடுபவர், மாத்திரை கொடுப்பவர் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஆனால் மூன்று ஆண்டு டிப்ளமோ படிப்பின் பெயரே 'ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி' என்பதுதான். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. அதிலும் பிரசவம் பார்ப்பது கட்டாயப் பாடம். படித்து முடித்துப் பதிவு செய்யும்போது செவிலியர், மருத்துவச்சி என்று இரண்டு தகுதிகளும் பதிவாகின்றன. இந்தப் பதிவு முறைக்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. மதராஸ் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் வந்தது 1926-இல்.

ஆக, சிக்கலில்லாத சுகப்பிரசவத்தை முழுக்கத் தானே பார்க்கும் தகுதி ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு உண்டு. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது அன்றாடம் நடப்பது. மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை ஷிஃப்ட் முறையில் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு இங்கே பல ஆண்டுகளாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே பிறக்கும் குழந்தையைப் பெரும்பாலும் முதலில் கையில் வாங்குபவர் ஒரு நர்ஸ்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இந்த நைட் ஷிஃப்ட்களும் இருக்கின்றன. பெரிய மருத்துவமனைகளிலும் தனியாரிலும் பிரசவ நேரத்துக்கு டாக்டர் வந்துவிடுவார். அங்கேயும் அதுவரை மணிக்கணக்காகப் பக்கத்தில் இருந்து கவனிப்பவர் நர்ஸ்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கர்ப்பமானதும் வீடு தேடி வந்து பதிவு செய்து, பிக்மி என்ற அரசின் கர்ப்பப் பதிவு எண் வாங்கித் தந்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பவர் கிராம சுகாதார செவிலியர். லேபர் வார்டில் துணி மாற்றுவது, சுத்தம் செய்வது, கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது எல்லாம் ஆயாம்மா. இந்தக் கட்டுரை பேசுவது மூன்றாவது ஆளை, பிரசவ அறையின் பொறுப்பில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸை.

சூட்டு வலியா, பிரசவ வலியா?

வலி என்று வந்தவுடன் நர்ஸ் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இது நிஜ வலியா என்பதை. சூட்டு வலி, பொய் வலி என்று நாம் சொல்வது விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல் வரும். கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ தணிந்துவிடும். பிரசவ வலி இடுப்பில் தொடங்கி முன்பக்கம் வந்து, நேரம் ஆக ஆக நெருக்கமாகும், நீளும், வலுக்கும். இதைப் பார்க்க எந்த இயந்திரமும் வேண்டாம். நர்ஸ் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் எத்தனை முறை வயிறு கல்லாக இறுகுகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுவார். 'பேசாமல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாரே' என்று தங்கை நினைத்தாளாம்.

அதே கை இன்னொரு வேலையும் செய்கிறது. வயிற்றின் மேல்புறம், இரண்டு பக்கம், அடிவயிறு என்று வரிசையாகத் தடவிப் பார்த்து, தலை கீழே இருக்கிறதா, முதுகு எந்தப் பக்கம், தலை இடுப்புக்குள் இறங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்கிறார்கள். உருண்டையாக, கெட்டியாக, லேசாக ஆட்டினால் ஆடுவது தலை. மெத்தென்று இருப்பது பிட்டம். முதுகு இருக்கும் பக்கத்தில்தான் இதயத்துடிப்பு நன்றாகக் கேட்கும் என்பதால், டாப்ளர் கருவியை எங்கே வைப்பது என்பதையும் அந்தக் கைதான் சொல்கிறது.

அப்புறம் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின், ரத்த வகை, பழைய பிரசவ விவரம். இந்தக் கேள்விகள் சேரும்போது எரிச்சலாக இருக்கும். வலியில் துடிப்பவளிடம் "போன குழந்தை எத்தனை கிலோ?" என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது! ஆனால் போன முறை ஆபரேஷனா, பிறந்தபின் ரத்தம் அதிகம் போனதா, பனிக்குடம் எத்தனை மணிக்கு உடைந்தது, நீர் என்ன நிறத்தில் இருந்தது என்ற பதில்களை வைத்துத்தான் 'இங்கேயே பார்க்கலாம்' அல்லது 'இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம்' என்று தீர்மானிக்கிறார்கள். என்னைக் கேட்டால் நர்ஸின் மொத்த வேலையில் மிகப் பெரிய முடிவு இதுதான். நேரம் இருக்கும்போது அனுப்பிவிட்டால் பாதி ஆபத்து வழியிலேயே கழிந்துவிடும்.

நிஜ வலி இன்னும் பிடிக்கவில்லை என்றால் "வீட்டுக்குப் போயிட்டு வலி கூடினதும் வாங்க" என்பார்கள். வீட்டாருக்கு இது துரத்துவது போல இருக்கும். தாயும் குழந்தையும் நன்றாக இருந்து, வீடும் பக்கத்தில் இருந்தால், இது நியாயமான யோசனை. ரொம்ப சீக்கிரம் படுக்கையில் சேர்த்துவிட்டால், தேவையில்லாமல் வலி வருவதற்கு ட்ரிப் போடுவது, அப்புறம் 'இன்னும் முன்னேற்றம் இல்லை' என்று ஆபரேஷன் பக்கம் போவது என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போக வாய்ப்பு அதிகம்.

பல மணி நேரத்தை ஒரே தாளில் வரைவது

கருப்பை வாய் முழுதாகத் திறக்க 10 செ.மீ. விரிய வேண்டும். சிஸ்டர்கள் "ரெண்டு விரல் திறந்திருக்கு" என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் 5 செ.மீ.-லிருந்துதான் வலியின் வேகமான கட்டம் தொடங்குகிறது என்கிறது. அங்கிருந்து முழுதாகத் திறக்க முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம், அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம் வரை. அதற்கு முந்தைய மெதுவான கட்டத்துக்குக் கணக்கே இல்லை. ஒரு நாள்கூட இழுக்கலாம். "நேத்திலேருந்து வலிக்குதுன்னு சொல்றா, இன்னும் ஒண்ணும் ஆகலையே" என்று வெளியே நாம் பதறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இந்த நேரம் முழுக்க நர்ஸ் கையில் ஒரு தாள் இருக்கிறது. பார்ட்டோகிராஃப் என்று பெயர். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, குழந்தையின் இதயத்துடிப்பு, வலியின் எண்ணிக்கை, தாயின் நாடி, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து எல்லாம் மணிவாரியாக ஒரே கட்டத்தாளில் ஏறும். இதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன் 1954-இல் கருப்பை வாய் திறக்கும் வேகத்தைக் கோடாக வரைந்து காட்டினார். அன்றைய ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் 1972-இல் அதில் இரண்டு கோடுகளைச் சேர்த்தார்கள். அவர்களுடைய தேவை நம்முடையதைப் போன்றதே: பெரிய மருத்துவமனை தூரத்தில் இருக்கிறது, சிறிய இடத்தில் மருத்துவச்சி பிரசவம் பார்க்கிறார், எப்போது அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். வரைந்துவரும் கோடு முதல் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை. அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி இருக்கும் இரண்டாவது கோட்டைத் தொட்டால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும்.

பழைய தாள் மணிக்கு 1 செ.மீ. என்ற வேகத்தை எல்லோருக்கும் அளவுகோலாக வைத்திருந்தது. பல பெண்களுக்கு அதைவிட மெதுவாகத்தான் திறக்கிறது, ஆனாலும் நல்லபடியாகவே பிறக்கிறது. அது தெரியவந்தபின், 2020-இல் உலக சுகாதார நிறுவனம் புதிய தாள் ஒன்றை வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்தது, துணைக்கு ஆள் இருக்கிறாரா, குடிக்க ஏதாவது கொடுத்தீர்களா, வலி தணிக்க என்ன செய்தீர்கள், எந்த நிலையில் இருக்கிறார் என்பதற்கும் அதில் கட்டங்கள் இருப்பதுதான். தாகமா என்று கேட்டதும் இப்போது மருத்துவப் பதிவின் ஒரு பகுதி.

குழந்தையின் இதயத்துடிப்புக்கு வருவோம். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு. வலி வேகமெடுத்த பிறகு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. எப்போது கேட்கிறார்கள் என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. வலி வந்து கருப்பை இறுகும்போது நஞ்சுக்கு, அதாவது பிளசென்டாவுக்கு, போகும் ரத்தம் சற்று நேரம் குறைகிறது. குழந்தை மூச்சைப் பிடித்துக்கொள்வது போல அதைத் தாங்கிக்கொள்கிறது. வலி விட்டதும் துடிப்பு பழையபடி வந்துவிட வேண்டும். வலி முடிந்தும் துடிப்பு இறங்கியபடியே இருந்தால் குழந்தை திணறுகிறது என்று அர்த்தம். அதனால்தான் வலி இருக்கும்போதும், அது முடிந்து ஒரு நிமிடம் வரையிலும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். துடிப்பு சரியில்லை என்றால் தாயை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைப்பார்கள். நேராக மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். ஒருக்களித்தால் அழுத்தம் குறையும். ட்ரிப் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துவார்கள், டாக்டருக்கு ஃபோன் போகும்.

வலி வர வைக்கும் ஆக்சிடோசின் ட்ரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சொட்டுக் கணக்கை வெளியிலிருந்து பார்க்கும் சொந்தக்காரர்கள் "கொஞ்சம் வேகமா விடுங்க சிஸ்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்பதுண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால், இரண்டு வலிக்கு நடுவே குழந்தைக்கு மூச்சு வாங்க நேரமில்லாமல் போய்விடும்.

கையைப் பிடித்துக்கொள்வதற்கும் கணக்கு உண்டு

இதுவரை சொன்னதெல்லாம் அளப்பது, எழுதுவது. வலியில் இருக்கும் பெண்ணுக்கு நினைவில் நிற்பது வேறு. தங்கைக்கு ரத்த அழுத்தம் எத்தனை என்று ஞாபகமில்லை. இரவு சிஸ்டர் இடுப்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. "வலி வரும்போது வாயால ஊது கண்ணு, போனதும் கையக் காலத் தளர விடு" என்று அவர் சொன்னதை இன்றும் அதே குரலில் சொல்லிக் காட்டுவாள்.

இதை வெறும் கனிவு என்று ஒதுக்கிவிட முடியாது. வலி நேரம் முழுக்க ஒருவர் கூடவே இருந்து ஆதரவு தருவது பற்றி 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2017-இல் வந்தது. அப்படித் துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடியது, வலி நேரம் சற்றுக் குறைந்தது, வலி மருந்தும் ஆபரேஷனும் குறைந்தன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்துணை வைத்துக்கொள்ளும் திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. அம்மாவோ மாமியாரோ அக்காவோ, பிள்ளை பெற்ற அனுபவமுள்ள ஒரு பெண் உள்ளே இருக்கலாம். சில இடங்களில் கூட்டத்தையும் இடநெருக்கடியையும் காரணம் காட்டித் தட்டிக்கழிக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், அது சலுகை இல்லை.

நடக்கச் சொல்வது, உட்கார வைப்பது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, கஞ்சியோ இளநீரோ தண்ணீரோ கொடுப்பது, சிறுநீர் கழிக்க ஞாபகப்படுத்துவது எல்லாம் இந்தக் கட்டத்தின் வேலைகள். கடைசியில் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். மூத்திரப்பை நிரம்பியிருந்தால் தலை இறங்க இடம் போதாது. முதுகில் ஊசி போட்டு வலி குறைக்கும் எபிடூரல் எடுத்தவர்களுக்கு அந்த உணர்வே தெரியாது என்பதால் நர்ஸ் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சரி, எல்லா லேபர் வார்டிலும் இப்படித்தானா என்று கேட்டால், இல்லை. கத்தினால் அதட்டுவது, கன்னத்தில் அறைவது, கொச்சையாகப் பேசுவது, திரை போடாமல் சோதிப்பது என்று பெண்கள் சொல்லும் அனுபவங்கள் பொய்யில்லை. என் உறவுக்காரப் பெண் ஒருவருக்கு ஒரு மருத்துவமனையில் கிடைத்த ஏச்சை அவர் இன்றும் சொல்லும்போது குரல் உடைகிறது. ஒரே நர்ஸ் ஐந்தாறு பேரைப் பார்க்க வேண்டிய இரவுகள் இருக்கின்றன என்பது காரணம் ஆகலாம், நியாயம் ஆகாது. மத்திய அரசு 2017 டிசம்பரில் தொடங்கிய 'லக்‌ஷயா' என்ற பிரசவ அறைத் தரத் திட்டம், மறைப்பு, துணை, மரியாதை ஆகியவற்றையும் தரத்தின் அளவுகோலாக வைத்திருக்கிறது. ஒரு வார்டுக்கு லக்‌ஷயா சான்று வேண்டுமென்றால் கருவிகள் மட்டும் இருந்தால் போதாது.

முக்கு, முக்காதே

கருப்பை வாய் முழுதாகத் திறக்கும் முன் முக்கினால் அது வீங்கிக்கொள்ளலாம், தாயும் களைத்துப்போவார். அதனால் "இப்ப முக்காதீங்க, ஊதுங்க" என்பார் சிஸ்டர். முழுதாகத் திறந்து, முக்க வேண்டும் என்ற உந்துதல் தானாக வந்ததும் "இப்ப விடாம முக்கும்மா!" ஏன் ஒரு சமயம் தடுக்கிறார், ஒரு சமயம் தூண்டுகிறார் என்று தெரிந்திருந்தால் அந்த நேரக் குழப்பம் பாதி குறையும். முதல் குழந்தைக்கு இந்தக் கட்டம் மூன்று மணி நேரம் வரை எடுக்கலாம்.

தலை வெளியே தெரியும்போது நர்ஸின் ஒரு கை தலையை வேகமாக வெளிவராமல் மெல்லத் தாங்கும். இன்னொரு கை கீழ்ப்பகுதியைத் துணியால் அணைத்துப் பிடிக்கும். தலை படக்கென்று வந்தால்தான் கிழிசல் பெரிதாகும். முதல் பிரசவம் என்றாலே கத்தரித்துத் தையல் போடுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எல்லோருக்கும் அப்படிச் செய்யத் தேவையில்லை என்பதே இன்றைய வழிகாட்டுதல். வயிற்றின் மேலேறி அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவதும் கூடாது என்கிறார்கள். எனிமா கொடுப்பது, முடி மழிப்பது என்று பழைய பட்டியலில் இருந்த இன்னும் சிலவும் இப்போது கட்டாயமில்லை.

தலை வந்ததும் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் பார்ப்பார்கள். "கொடி சுத்திப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது" என்று வீட்டில் பரிகாரமே செய்வோம். பிரசவ அறையில் அது அடிக்கடி பார்க்கும் சமாச்சாரம். பெரும்பாலும் விரலால் தளர்த்தித் தலைக்கு மேலே எடுத்துவிடுவதோடு முடிந்துவிடும்.

முதல் நிமிடம்

குழந்தை வெளியே வந்ததும் வெதுவெதுப்பான துணியால் அழுத்தித் துடைப்பார்கள். சுத்தம் செய்வதற்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஈரத்தோடு விட்டால் உடம்பு சில்லிட்டுவிடும், அது ஒரு காரணம். துடைக்கும் உராய்வே குழந்தையை மூச்சு விடத் தூண்டுகிறது, அது இன்னொன்று. பத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சு தொடங்க ஏதாவது ஓர் உதவி தேவைப்படுகிறது. துடைத்தும், முதுகைத் தேய்த்தும் அழவில்லை என்றால், பிறந்த ஒரு நிமிடத்துக்குள் சின்ன முகமூடியும் பலூன் பையும் வைத்துக் காற்றை ஊட்டத் தொடங்க வேண்டும். அந்த நேரத்துக்குத் 'தங்க நிமிடம்' என்று பெயர். டாக்டர் மாடியில் இருந்தால் அந்த ஒரு நிமிடத்துக்குள் வந்து சேர முடியாது. ஆகவே அந்தப் பையை எடுப்பது நர்ஸின் கைதான். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் பை காற்றுக் கசியாமல் இருக்கிறதா, வார்மர் சூடாகிறதா என்று பார்த்துவைப்பது இதற்காகத்தான்.

நியூயார்க்கில் மயக்க மருத்துவராக இருந்த வர்ஜீனியா ஆப்கார் 1952-இல் உருவாக்கிய மதிப்பெண் முறையை இன்றும் எல்லா ஊரிலும் போடுகிறார்கள். நிறம், இதயத்துடிப்பு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா, கைகால் முறுக்கு, மூச்சு என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை. முதல் நிமிடத்தில் ஒன்று, ஐந்தாவது நிமிடத்தில் ஒன்று. டிஸ்சார்ஜ் தாளில் '8, 9' என்று பார்த்தால் அது இதுதான். பத்துக்குப் பத்து வாங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பிறந்த புதிதில் கைகால் நுனி நீலமாக இருப்பது சகஜம் என்பதால் ஒரு மதிப்பெண் அநேகமாக எல்லோருக்கும் போய்விடும்.

நன்றாக அழும் குழந்தையைத் தாயின் நெஞ்சில் போட்டு, தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது விட்டுத்தான் வெட்ட வேண்டும். அந்த இடைவெளியில் நஞ்சில் இருக்கும் ரத்தம் குழந்தைக்கு வந்து சேர்கிறது. பின்னால் ரத்தசோகை வராமல் இருக்க அது உதவும்.

அப்புறம் நம் ஊர் பிரசவ அறைகளுக்கே உரிய ஒரு காட்சி. நர்ஸ் குழந்தையைத் தூக்கித் தாயின் முகத்துக்கு நேரே காட்டி, "என்ன குழந்தைன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்பார். அரை மயக்கத்தில் இருந்தாலும் தாய் வாயால் சொல்ல வேண்டும். குழந்தை மாறிவிட்டது என்ற சந்தேகமோ புகாரோ பின்னால் எழக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. தாயின் பெயரும் எண்ணும் எழுதிய பட்டி உடனே குழந்தையின் கையிலோ காலிலோ ஏறும். ரத்தம் உறைவதற்கான வைட்டமின் கே ஊசி, எடை பார்ப்பது, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் என்று வேலைகள் தொடரும். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்க வெளியே காத்திருக்கும் பாட்டிகளைச் சமாளிப்பதும் அந்த வேலைகளில் ஒன்று.

ஆபரேஷன் என்று முடிவானால், தயார் செய்வது, ரத்தத்துக்கு ஏற்பாடு பார்ப்பது, தியேட்டரில் குழந்தையை வாங்கிக்கொள்வது எல்லாவற்றிலும் நர்ஸ் உண்டு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். குழந்தை உயிரோடு பிறக்காத நாட்களும் அந்த அறையில் உண்டு. அப்போது அந்தத் தாயைப் பக்கத்துக் கட்டிலில் குழந்தை அழும் இடத்திலிருந்து தள்ளிப் படுக்க வைப்பது, அவர் விரும்பினால் ஒருமுறை கையில் கொடுத்துப் பார்க்க விடுவது, பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று தனியாகச் சொல்வது ஆகியவையும் இவர்கள் பொறுப்பு.

குழந்தை பிறந்தபின் நடக்கும் நிஜமான காவல்

வெளியே இனிப்பு கொடுக்கத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் உள்ளே நர்ஸின் கவனம் கூடுகிறது. தாய்மார் மரணத்துக்கு உலக அளவில் முதன்மைக் காரணம் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு. ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான பெண்கள் இதனால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நஞ்சு பிரிந்த இடத்தில் ரத்தக்குழாய்களின் வாய் திறந்திருக்கும். கருப்பை இறுக்கமாகச் சுருங்கினால்தான் அவை மூடும். அதற்காகக் குழந்தை பிறந்த உடனே தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். வெளியே வந்த நஞ்சை விரித்து வைத்து, துண்டு ஏதாவது உள்ளே தங்கிவிட்டதா என்று பார்ப்பார்கள். சின்னத் துண்டு தங்கினால்கூடக் கருப்பை சரியாகச் சுருங்காமல் போகலாம்.

அதன்பின் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை வந்து அடிவயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். வலிக்கும். "அப்பதான் தூங்கினேன், வந்து வயித்தைப் பிசையறாங்க" என்று தங்கை புலம்பினாள். கருப்பை கையில் பந்து போலக் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் தேய்த்துவிட்டுச் சுருங்க வைக்க வேண்டும், வேறு மருந்து ஏற்ற வேண்டும்.

ரத்தம் எவ்வளவு போகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிடுவதில் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள்; குறைவாகவே தோன்றும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில் ஓர் எளிய மாற்றம் செய்து பார்த்தார்கள். தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வைத்து, ரத்தத்தை அளந்தார்கள். அளவு தாண்டியதும் மசாஜ், கருப்பை சுருங்கும் மருந்து, ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம், ட்ரிப், பரிசோதனை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்தார்கள். முன்னின்று செய்தவர்களில் பெரும்பாலானோர் மருத்துவச்சிகளும் நர்ஸ்களும். மோசமான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. இந்த ஆய்வு வெளிவந்தது 2023-இல்.

கை கழுவுவதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வியன்னாவில் 1840-களில் ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன: ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகள். மருத்துவர் வார்டில் காய்ச்சல் கண்டு இறந்த தாய்மார் மிக அதிகம். மருத்துவச்சி வார்டிலேயே சேர்த்துக்கொள்ளும்படி பெண்கள் கெஞ்சினார்களாம். பிணப் பரிசோதனை முடித்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வந்ததே காரணம் என்று கண்டுபிடித்து, 1847-இல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தவர் அங்கே வேலை பார்த்த செம்மல்வைஸ் என்ற மருத்துவர். இன்று உள்பரிசோதனையை நான்கு மணிக்கு ஒருமுறைக்கு மேல் காரணமில்லாமல் செய்ய வேண்டாம் என்று சொல்வதும் தொற்றைக் குறைப்பதற்காகத்தான்.

நீங்கள் உள்ளே போகப் போகிறவர் என்றால், சிஸ்டரிடம் கேட்காமலே சொல்ல வேண்டியவை சில உண்டு. பனிக்குடம் உடைந்த நேரம், நீர் பச்சையாக இருந்ததா என்பது. வயிற்றுக்குள்ளேயே குழந்தை மலம் போயிருந்தால் பச்சையாகும். குழந்தையின் அசைவு குறைந்திருந்தால் அது. கண் மங்கலாகத் தெரிந்தாலோ, தலை பிளக்கிற மாதிரி வலித்தாலோ, மேல்வயிறு வலித்தாலோ அதையும் உடனே சொல்லுங்கள். ரத்த அழுத்தம் கூடி வலிப்பு வரப்போவதன் அறிகுறியாக இருக்கலாம், அதைத் தடுக்க மெக்னீசியம் ஊசி இருக்கிறது. பிரசவம் ஆனபின் அரை மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனைந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, பக்கத்தில் இருப்பவரை அனுப்பி சிஸ்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ராத்திரி நேரம், அவர் இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார், விடியட்டும் என்று கூச்சப்பட்டுக் காத்திருக்க வேண்டாம்.